வாய் திறவாத வாலிபர் ஐக்கியம் நடத்த எளிய வழிகள்

வாழ்த்துகள் அண்ணாச்சி. உங்கள் சேகரத்தின் வாலிபர் ஐக்கியத்துக்கு இந்த ஆண்டு நீங்கள்தான் செயலாளர் என்று ஆராதனை முடிவில் அறிவித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை, மீசை அரும்பியும் அரும்பாமலும் ஒரு முப்பது நாற்பது பிள்ளைகள் இனி உங்கள் பொறுப்பு. பயப்படாதீர்கள். இந்த வயதுக்காரர்களிடம் ஒரே ஓர் ஆபத்துதான் உண்டு. கேள்வி கேட்பார்கள். அதை மட்டும் அடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஓடும். பாட்டு, விளையாட்டு, வேத வினாப் போட்டி, முகாம், பரிசளிப்பு எல்லாமே அந்த ஒரு வேலைக்குக் கைகொடுக்கத்தான். பல சபைகளில் இதை ஏற்கெனவே அருமையாகச் செய்துவருகிறார்கள். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. உங்கள் வயதைப் பற்றி வெட்கப்படாதீர்கள்

உங்களுக்கு 46 ஆகிறது, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்கள். அதனால் என்ன? இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 15 வயதிலிருந்து 29 வரை இளைஞர் என்கிறது. அது அரசாங்கக் கணக்கு. சபைக் கணக்கில், தலைக்கு மை நிற்கும்வரை வாலிபர்தான்.

எவனாவது ஒருவன், ஒய்.எம்.சி.ஏ.வை 1844இல் லண்டனில் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி, அப்போது அவருக்கு வயது 22தான் என்று ஆரம்பிப்பான். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இருந்தது என்று சொல்லி அனுப்புங்கள். பொறுப்பை யாராவது கொடுத்தால்தானே இருக்கும் என்று அவன் திருப்பிக் கேட்டால், மூன்றாவது வழிக்குப் போங்கள்.

2. வந்தவர்களைத் திட்டுங்கள்

கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, வயிறு கூப்பாடு போடும் நேரத்தில் வையுங்கள். இல்லையென்றால் மாலை நான்கு மணிக்கு, டியூஷனுக்கு நேர் எதிராக. அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்குங்கள். தொடங்கியதும் முதல் கால்மணி நேரம், வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் கோபப்படுங்கள். "சினிமான்னா வருவீங்க, கிரிக்கெட்டுன்னா வருவீங்க." எதிரே இருக்கும் ஒன்பது பேரும் சினிமாவையும் கிரிக்கெட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதை நினைத்துக் குழம்ப வேண்டாம். அடுத்த வாரம் ஆறு பேர் வருவார்கள். இன்னும் உரக்கத் திட்டலாம்.

3. முடிவு ஜெபத்தைக் கையில் வைத்திருங்கள்

இதுதான் உங்கள் முதன்மையான கருவி. கேள்வி வந்தால் மூன்றே அசைவுகள். "நல்ல கேள்வி" என்று புன்னகை செய்யுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்று சொல்லுங்கள். கண்ணை மூடிய பிள்ளை கையைத் தூக்கினாலும் யாருக்கும் தெரியாது. ஜெபத்துக்குள்ளேயே பதிலையும் வைத்துவிடலாம்: "ஆண்டவரே, சந்தேகத்தின் ஆவியை இந்தப் பிள்ளைகளைவிட்டு அகற்றும்." கேட்டவன் ஆமென் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் அவனைப் பார்ப்பார்கள்.

4. கதையை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குத்தான் கொஞ்சம் படிப்பு வேண்டும். வேதாகமத்தில் சிறுபிள்ளைகள் வரும் இடங்களெல்லாம் வில்லங்கமானவை. கத்தரிக்கோலோடு போங்கள்.

சாமுவேல். இரவில் கர்த்தர் கூப்பிடுகிறார், ஏலி கூப்பிட்டதாக நினைத்துப் பையன் ஓடுகிறான், மூன்று தடவை ஏமாந்து நான்காம் தடவை பதில் சொல்கிறான். இங்கே நிறுத்துங்கள். 1 சாமுவேல் 3இல் பத்தாம் வசனத்துக்கு அப்பால் உங்களுக்கு வேலை இல்லை. தாண்டினால், கர்த்தர் அந்தச் சிறுவனிடம் அப்படி என்னதான் சொன்னார் என்பது வெளியே வந்துவிடும். ஏலியின் மகன்கள் ஆசாரியர்களாக இருந்துகொண்டு பலிப் பொருளிலேயே கைவைக்கிறார்கள், தகப்பனுக்குத் தெரிந்தும் அடக்கவில்லை, அந்த வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு வருகிறது. இதுதான் செய்தி. விடிந்ததும் பையன் பயந்துகொண்டே அதைப் பெரியவரிடம் ஒப்பிக்கிறான். பெரியவரோ ஒன்றையும் மறைக்காதே என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். இதை முழுசாக நடத்திவிட்டு, அடுத்த மாதம் சேகரக் கமிட்டியில் கட்டட நிதிக் கணக்கு வாசிக்கும்போது பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தை உங்களால் பார்க்க முடியுமா? ஆகவே பத்தாம் வசனம். பாய், விளக்கு, தூங்கும் சிறுவன் என்று படம் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பதினேழு வயதானாலும் பரவாயில்லை, வண்ணம் தீட்டட்டும்.

அடுத்தது, 12 வயது இயேசு. எருசலேம் தேவாலயத்தில் மூன்று நாள் காணாமல் போனார். தேடிப்போன பெற்றோர் கண்டது, போதகர்களின் நடுவே உட்கார்ந்து அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையை. லூக்கா 2:46. இந்த வசனம் எப்படி இத்தனை நூற்றாண்டுகள் தப்பிப்பிழைத்தது என்று எனக்கே ஆச்சரியம். நல்லவேளையாக அதே அதிகாரத்தில் 51ஆம் வசனம் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கு அடங்கியிருந்தார். நேராக அங்கே இறங்கிவிடுங்கள். பாடத்தின் தலைப்பு: கீழ்ப்படிதல். போதகர்கள் அந்தப் பிள்ளையை விரட்டவில்லையே, பதிலைக் கேட்டுப் பிரமித்தார்களே என்று யாராவது 47ஐக் காட்டினால், அது ஆண்டவருக்கு, உனக்கில்லை என்று முடித்துவிடுங்கள்.

யோசேப்பு. இவர் இல்லாமல் வாலிபர் கூட்டமே கிடையாது. எகிப்தில் எஜமானின் மனைவி பிடித்திழுத்தாள், அங்கியை விட்டுவிட்டு ஓடினான். "ஓடு! ஓடு!" என்று மேசையைத் தட்டிச் சொல்லுங்கள். எதிலிருந்து, ஏன், ஓடிய பிறகு உடம்பும் மனசும் படும் பாட்டை யாரிடம் சொல்வது என்பதற்குள்ளெல்லாம் போகாதீர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு "வாலிபமும் பரிசுத்தமும்" என்று பேசச் சொன்னால், அவர் அந்த விஷயத்தின் பெயரையே உச்சரிக்காமல் முக்கால்மணி நேரம் பேசிவிடுவார். இன்னொன்று. ஓடியவன் சிறைக்குத்தான் போனான். போத்திபார் அவனைக் கூப்பிட்டு என்னப்பா நடந்தது என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அதைக் கவனிக்கும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். பெரும்பாலும் அதற்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். அதனால்தான் மேசையை உரக்கத் தட்டச் சொன்னேன்.

5. மனப்பாட வசனம்

வாரம் ஒன்று. ஒப்பித்தால் ஒரு மதிப்பெண், வசன எண்ணையும் சொன்னால் இரண்டு, பொருள் சொன்னால் சுழியம். பொருளுக்கெல்லாம் மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

சோம்பேறிகள் யோவான் 11:35ஐச் சொல்லித் தப்பிப்பார்கள். அதைத் தடைசெய்யுங்கள். சின்ன வசனம் என்பதற்காக மட்டுமில்லை. ஒருநாள் அதைச் சொன்ன பையனே உட்காராமல் நின்று, "அண்ணே, லாசருவை உயிரோடு எழுப்பப் போறோம்னு அவருக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதுக்கு அழுதாரு?" என்று கேட்பான். வேத கல்லூரியில் வருஷக்கணக்கில் பேசவேண்டிய விஷயம். நீங்கள் சொல்லவேண்டியது: "அடுத்த வாரம் பெரிய வசனமா படிச்சிட்டு வா."

ஆண்டு விழாவுக்கு 119ஆம் சங்கீதத்தை ஒப்பிக்கும் போட்டி வையுங்கள். 176 வசனம். ஜெயித்த பிள்ளைக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பரிசைக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்குவது அவர் பேத்தியாகவே இருந்தால் போட்டோவும் நன்றாக வரும்.

6. நீளமாகப் பேசுகிறவரைக் கூப்பிடுங்கள்

துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். தூக்கியபோது செத்திருந்தான். பவுல் இறங்கிவந்து அணைத்துக்கொள்ள, பிழைத்தான். நமக்கு வேண்டியது இதற்கு அடுத்த வரி. பவுல் மறுபடி மேலே ஏறிப் போய் அப்பம் பிட்டுச் சாப்பிட்டு, விடியும்வரை பேசினார். அப்போஸ்தலர் 20ஐ மேற்கோள் காட்டுகிற பேச்சாளரை யார் நிறுத்த முடியும்?

முன்னெச்சரிக்கையாக, ஜன்னலோரத்தில் யாரையும் உட்காரவிடாதீர்கள். பவுல் இறங்கிவந்தார் என்பதைப் பற்றியும் ரொம்பப் பேசவேண்டாம். அப்புறம் உங்களையும் இறங்கிவரச் சொல்வார்கள்.

7. கேள்விப் பெட்டி வையுங்கள்

தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். கேள்வியை அடைக்கப் பெட்டியைவிட நல்ல இடம் கிடையாது. வாய்விட்டுக் கேட்கப்படும் கேள்வியை நாற்பது பேர் கேட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் போடப்படும் கேள்வியை நீங்கள் ஒருவர்தான் படிப்பீர்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். கையெழுத்து உங்களுக்குத் தெரியும்.

சீட்டுகளை வீட்டில் வைத்துத் தரம் பிரியுங்கள். "சினிமா பார்க்கலாமா?" "டாட்டூ குத்தலாமா?" "ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா?" இவையெல்லாம் மேலே. இவற்றை மேடையில் வாசித்து, சிரிக்கவைத்து, விரிவாகப் பதில் சொல்லுங்கள். பிறகு வருவது இரண்டாம் கட்டு: "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றுதான் என்றால் நம் சபையில் கல்யாணம் பேசும்போது ஏன் சாதி பார்க்கிறோம்?" இதற்குப் பதில் சொல்லக் குருவானவரை அழைத்திருப்பதாக அறிவியுங்கள். குருவானவரிடம் சொல்லாதீர்கள். கலாத்தியர் 3:28ஐ மட்டும் ராகம்போட்டு எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போங்கள். நான்கு தெரு தள்ளியிருக்கும் காலனிப் பிள்ளைகளுக்கு ஏன் தனியாக ஓய்வுநாள் பள்ளி நடக்கிறது என்று அதே கையெழுத்து கேட்டிருந்தால், அந்தக் கையெழுத்துக்காரரின் அப்பாவோடு ஒரு டீ குடியுங்கள்.

கடைசிக் கட்டு மெலிதாக இருக்கும். இரண்டு மூன்று சீட்டுதான். "எங்க அப்பா குடிக்கிறதை நிறுத்தணும்னு நாலு வருஷமா ஜெபம் பண்றேன். நான் சரியா ஜெபம் பண்ணலையா?" என்று ஒன்று. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கும். இதை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? பெட்டிக்கு அடியில் திரும்பப் போடுங்கள். அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது மேலே வேறு சீட்டுகள் இருக்கும்.

நேரம் இருந்தால், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். "உங்க பிள்ளை வீட்டு விஷயத்தையெல்லாம் வெளியே எழுதுது, கொஞ்சம் பார்த்துக்கிடுங்க." அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தில் சீட்டு வராது.

8. பெண்பிள்ளைகள்

இவர்களுக்குப் பூ அலங்காரம், வரவேற்பு, தட்டில் கற்கண்டு. துப்பட்டாவைப் பற்றி, குருவானவரின் மனைவியான ஐயரம்மாவை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பேசவைத்துவிட்டால் பாடத்திட்டம் முடிந்தது.

எண்ணாகமம் 27ஐ மட்டும் மறைத்துவையுங்கள். செலொப்பியாத்துக்கு மகன்கள் இல்லை, ஐந்து மகள்கள். ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்னால், வாசலிலேயே நின்று, எங்கள் அப்பாவின் பங்கு எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். மோசே கடிகாரத்தைப் பார்த்து முடிவு ஜெபம் செய்திருக்கலாம். போய்க் கர்த்தரிடமே கேட்டுவிட்டார். அவரும் அந்தப் பெண்கள் கேட்பது சரிதான் என்று சொல்லிவிட்டார். வழக்கமான நடைமுறை முழுக்கக் கெட்டது.

ஐந்தாறு தலைமுறையாகத் தோட்டமும் வயலும் மகன்கள் பெயருக்கே எழுதிவந்த ஊரில் இதை நடத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மேரி ராய் என்ற அம்மையார் நீதிமன்றத்துக்கே போனார். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் இனி செல்லாது, மகளுக்கும் சமபங்குதான் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை ஒருத்தி உங்கள் ஐக்கியத்தில் இருந்தால், உடனே பூ அலங்காரத்துக்குத் தலைவி ஆக்குங்கள். சம்பங்கி வாங்க மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அலைவதில் நேரம் சரியாகிவிடும்.

9. மதிப்பெண் பண்டிகை

பிப்ரவரியில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பீடத்தின் முன் முழங்காலிடச் சொல்லி, பேனாக்களைக் கொண்டுவரச் சொல்லி, ஜெபியுங்கள். நல்ல வழக்கம். பேனாவை உயர்த்திப் பிடிக்கும்போது கை நடுங்கினால் அபிஷேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் முடிவு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் வாசியுங்கள். 500க்கு மேல் எடுத்தவர்கள் பெயரும் மதிப்பெண்ணும் தகப்பனார் பெயரும். சால்வை. அவர்கள் சாட்சி சொல்லட்டும்: ஆண்டவர் எனக்கு 572 கொடுத்தார். அதே பீடத்தில் அதே பேனாவோடு முழங்காலிட்டுத் தேறாமல் போனவன் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் இருப்பான். ஆண்டவர் எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அவன் கேட்கமாட்டான். அந்தக் கேள்விக்கு ஒலிபெருக்கி இல்லை. நீட் எழுதி மூன்றாம் முறையும் கிடைக்காதவளைப் பற்றி, வீட்டு ஜெபக் கூட்டத்தில் "ஒரு விசேஷ பாரம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும். எல்லாருக்கும் யார் என்று தெரியும்.

ஞாயிறு பள்ளியின் சரித்திரத்தைக் கிளறாதீர்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போய் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர. அந்தக் கணக்குப்படி சால்வையோடு யார் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும் என்று உங்களையே யாராவது கேட்டுவிடுவார்கள்.

10. நாடகம்

கிறிஸ்துமஸுக்குக் கெட்ட குமாரன் போடுங்கள். எல்லாரும் போடுவதுதான். பத்து நிமிட நாடகத்தில் ஏழு நிமிடம் தூரதேசம். கறுப்புக் கண்ணாடி, கிழிந்த ஜீன்ஸ், பாட்டிலில் கோக், பின்னணியில் சினிமாப் பாட்டு. சபையே கைதட்டும். பன்றிக்குட்டி ஒரு நிமிடம். தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்வது அரை நிமிடம். திரை.

மூத்த மகன் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலில் நின்று முறைத்த காட்சியை நேரமின்மையால் வெட்டிவிடுங்கள். முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மனம் கோணக்கூடாது.

11. வேலை கொடுங்கள், பொறுப்பைக் கொடுக்காதீர்கள்

இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பல செயலாளர்கள் கெட்டார்கள். அசனத்துக்கு இரவெல்லாம் வெங்காயம் உரிப்பது, அண்டா தூக்குவது, பந்தியில் வாளியோடு ஓடுவது, கடைசிப் பந்தியில் எலும்பும் குழம்புமாகச் சாப்பிடுவது: வேலை. எத்தனை ஆடு, யாரிடம் வாங்குவது, என்ன விலை: பொறுப்பு. டிசம்பரில் பனியில் இரண்டு மணிவரை கேரல் ரவுண்ட்ஸ் போய் டிரம் அடித்துத் தொண்டை கட்டுவது வேலை. உண்டியலைத் திறந்து எண்ணுவது பொறுப்பு. முதலாவது அவர்களுக்கு, இரண்டாவது உங்களுக்கு.

1881இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரத்தில், பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் செய்த காரியம், வாலிபர்களையே குழு குழுவாகப் பிரித்துச் சங்கத்தை நடத்தச் சொன்னது. அதோடு விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கெடுப்பேன் என்று ஒவ்வொருவரிடமும் உறுதிமொழி வாங்கினார். உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் வரக்கூடாதாம். உலகமெங்கும் பரவிவிட்டது. நீங்கள் அந்தப் பெயரில் ஒரு பலகையை மாட்டிக்கொள்ளுங்கள். முயற்சி என்ற இடத்தில் நாற்காலி அடுக்குவதை வைத்துக்கொள்ளுங்கள்.

12. செல்போன்

சாத்தானின் கருவி என்று பேசுங்கள். பேச்சை யூடியூபில் நேரலை விடுங்கள். இணைப்பு வேலை செய்யாவிட்டால் அந்தப் பையன்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும், கூப்பிடுங்கள்.

13. முகாம்

மே மாதம், மூன்று நாள், குளிர்ந்த இடம். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருக்காது, ஆகவே கொடைக்கானல். காலை ஐந்தரைக்கு விசில், தியானம், பாட்டு, செய்தி ஒன்று, டீ, செய்தி இரண்டு, சாப்பாடு, குழு விளையாட்டு, செய்தி மூன்று. இரண்டு பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று தப்பித்தவறிக்கூட அட்டவணையில் வரக்கூடாது. ஒருத்தி மற்றவளிடம் எதையாவது சொல்லித் தொலைப்பாள். பிறகு அவளுக்கு உங்கள் செய்தி மூன்று தேவைப்படாது.

எல்லாம் கடைசி ராத்திரிக்காக. கேம்ப் ஃபயர். கீபோர்டுக்காரர் மைனரில் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கட்டும், பேச்சு நின்றாலும் அவர் நிறுத்தக்கூடாது. "கண்களை மூடுங்கள், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்." நீங்கள் மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுங்கள். திருமண்டலப் பத்திரிகைக்கு எண்ணிக்கை வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் தூக்கிய அதே கைகள்தான் இந்த வருஷமும் உயரும். புதிதாகவே எண்ணுங்கள். இடையில் வந்த பதினோரு மாதம் அவன் எப்படி இருந்தான் என்று யாரும் விசாரிக்காததால், ஒவ்வொரு மே மாதமும் அவன் புது ஆத்துமாதான்.

அடுத்து ஆளுக்கொரு துண்டுத்தாள். பாவத்தை எழுதி நெருப்பில் போடச் சொல்லுங்கள். என்ன எழுதுவது என்று முழிப்பார்கள், நீங்களே பட்டியல் கொடுங்கள்: பொய், போன், சினிமா, பெற்றோரை எதிர்த்துப் பேசியது. ஒருவன் மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, "எனக்கு இதெல்லாம் உண்மைன்னு நம்ப முடியலை, நம்பணும்னு ஆசையா இருக்கு" என்று எழுதி நான்காக மடித்துப் போடுவான். அதுவும் சேர்ந்து எரியும். பெட்டியில் போட்ட சீட்டை நீங்கள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. நெருப்பில் அந்தத் தொல்லை இல்லை. எரிய எரிய எல்லாரும் பாடுவார்கள்.

திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் தூங்குவார்கள். சிலர் அழுத கண்ணோடு. எழுப்பிக் குழுப் படம் எடுங்கள்.

14. திடப்படுத்தல்

பேராயர் வருகிறார் என்று தேதி வந்ததும் அவசரமாக வகுப்பு எடுங்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம். பேராயர் கேட்கும் கேள்விக்கு எல்லாரும் ஒரே குரலில் விடை சொல்லப் பழக்குங்கள். இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் சபை அவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரே நாள் அதுதான், விடையை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். வெள்ளை உடுப்பு நன்றாக இஸ்திரி போட்டிருக்க வேண்டும்.

15. போன பிறகு

நன்றாகச் செய்திருந்தால் பலன் பதினெட்டு வயதில் தெரியும். கோவைக்கு, சென்னைக்கு, பெங்களூருக்குப் படிக்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பார்கள். சிலர் பெரிய திரையும் கிட்டாரும் உள்ள வேறு சபைக்குப் போவார்கள். முதல் நாளே அங்கே யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி, எந்த ஊர், எப்படியிருக்கே என்று விசாரித்திருப்பார். உலகத்தின் இழுப்பு, ஆடம்பர ஆராதனை மோகம் என்று இரண்டுக்கும் பெயர் வையுங்கள். ஊருக்கு வரும்போது கோயில் வாசலில் பிடித்து, "என்னடே, பெரிய ஆளாயிட்டே, ஆளையே காணோம்?" என்று நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள். ஒருநாள் அவனுக்கு வேலை போயிருக்கலாம், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கலாம். அப்போதும் இதையே கேளுங்கள். அடுத்து கல்யாண ஓலை வாசிக்கத்தான் வருவான்.

நாற்பது பேர் பதினொன்றாகக் குறைந்ததும், "வாலிபர்கள் ஏன் சபைக்கு வருவதில்லை?" என்று சேகர அளவில் ஒரு கலந்தாய்வுக் கூட்டம் போடுங்கள். புதன்கிழமை காலை பதினொரு மணி தோதானது, பள்ளிக்கூடமும் கல்லூரியும் நடக்கும். கமிட்டியினர், முன்னாள் செயலாளர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூத்த உபதேசியார் எல்லாரையும் மேடைக்கு அழையுங்கள். பேசுகிறவர் ஒவ்வொருவரும் தம் காலத்து வாலிபர்களைப் பற்றிப் பேசட்டும். நாற்காலி போடவும் மைக் கட்டவும் ஆள் வேண்டியிருக்கும். அதற்கு, கல்லூரிக்கு லீவு போட்டிருக்கும் பையன் ஒருவனும் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் இன்னொருவனும் கிடைப்பார்கள். ஆரம்ப ஜெபம் முடிந்ததும் அவர்களிடம் காசைக் கொடுத்து டீயும் வடையும் வாங்கிவர அனுப்பிவிடுங்கள். பக்கத்துக் கடை வேண்டாம், பஸ் ஸ்டாண்டு கடையில் வடை நன்றாக இருக்கும் என்று சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடும்.